மச்சினன் கொடுத்த தகரம்

காளிராஜ் பைக்கை ஸ்டார்ட் செய்துவிட்டான். ஹெல்மெட்டும் மாட்டியாகிவிட்டது. அப்படியே கியரைப் போட்டுப் போயிருந்தால் ஒரு வம்பும் இல்லை. போகாமல், ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, அத்தானைக் கிட்டத்தில் வரச்சொல்லிக் கையைக் காட்டினான்.

லட்சுமிகாந்தம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். புதுக் கொட்டகையைப் பற்றி மச்சினன் நாலு நல்ல வார்த்தை சொல்லப்போகிறான் என்று நினைத்து, முகத்தை ரொம்ப அடக்கமாக வைத்துக்கொண்டார்.

“அத்தான், சாப்பாடு, கவனிப்பு எல்லாம் நல்லாருந்துச்சு. ஒண்ணே ஒண்ணு. சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது.”

“சொல்லுங்க மாப்ள.”

“வாட்டம்தான் ஒரு மாதிரி தெரியுது.”

“வாட்டமா?”

“ஆமா. காலையில வந்ததுல இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்க கவனிக்கல போல. நாங்க ஆசையாக் குடுத்தது அத்தான். தீபாவளிக்கு வரும்போதும் இப்படியே இருந்துச்சுன்னு வைங்க, திரும்ப எங்க வீட்டுக்கே வந்துரும். சொல்லிட்டேன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தான். கண்ணாடியை இறக்கினான். ஆலங்குளம் ரோட்டில் போயே போய்விட்டான்.

லட்சுமிகாந்தம் தெருவிலேயே நின்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். சிரித்துக்கொண்டே சொன்னதுதான் அவரைக் குடைந்தது.

விஷயம் இதுதான். லட்சுமிகாந்தம் விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர். வீடு எம். புதுப்பட்டியில். வீட்டுக்குக் கிழக்கே ஒரு பழைய மாட்டுக் கொட்டகை. வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவே கொஞ்சம் வெறும் இடம். அந்த இடம் சும்மா கிடந்தது அவர் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. இன்னும் ரெண்டு கறவை மாடு வாங்கிக் கட்டலாம் என்று, கொட்டகையை வீட்டுச் சுவர் வரைக்கும் இழுத்து ஒரு தகரச் சாய்ப்பு போட்டுவிட்டார்.

தகரம் முழுக்கக் காளிராஜ் கொடுத்தது. அவன் ஆலங்குளத்தில் கட்டட கான்ட்ராக்டர். நீலக் கலரில், புதுசாக, பளபளவென்று ஒரு லோடு இறக்கிவிட்டு, “எங்க அக்காவுக்குச் சீர்னு வச்சுக்கோங்க” என்றான். அதோடு நிறுத்தினானா? “ஆளு அனுப்பவா அத்தான்? என் ஆளுக வந்தா நறுவிசா முடிச்சுருவானுக” என்றும் கேட்டான்.

“எனக்கென்ன தெரியாதா மாப்ள? கம்பெனியில எம்புட்டு ஷெட்டு பாத்திருக்கேன்!” என்று லட்சுமிகாந்தம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டார். இன்றைக்குக் காலையில் பால் காய்ச்சி, புது மாடுகள் ரெண்டையும் கட்டி, மச்சினனுக்கு விருந்தும் வைத்தாகிவிட்டது. அவன் போகிற போக்கில் வாட்டம் சரியில்லை என்று ஒரு குத்து குத்திவிட்டுப் போய்விட்டான்.

கூரைக்கு வாட்டம்தானே உயிர். விழுகிற தண்ணீர் எந்தப் பக்கம் ஓடவேண்டுமோ அந்தப் பக்கம் சரிவு கொடுக்கவில்லை என்றால், மழைக்காலத்தில் கூரை கூரையாக இருக்காது.

லட்சுமிகாந்தம் ஏணியைச் சாய்த்தார். ஒரு வாளித் தண்ணீரோடு மேலே ஏறிச் சாய்ப்பின் மேல் ஊற்றினார். தண்ணீர் கொஞ்ச தூரம் போயிற்று. நின்றது. இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. எங்கேயும் போக விருப்பமில்லாமல் அங்கேயே தேங்கிவிட்டது.

“அடப்பாவி! கீழ நின்னுக்கிட்டே கண்டுபிடிச்சுட்டானே!”

வீட்டு ஜன்னல் வழியாக அவர் மனைவி நாகஜோதி எட்டிப் பார்த்தாள். “மேல என்ன செய்றீக?”

“ஒந் தம்பி வாட்டம் சரியில்லைன்னு சொல்லிட்டுப் போறான். தீபாவளிக்குள்ள சரி பண்ணலைன்னா தகரத்த எல்லாம் கழட்டிட்டுப் போயிருவானாம்.”

“அவனா சொன்னான்?”

“பின்ன நானா கதை கட்டுறேன்?”

நாகஜோதி தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் அவளுடைய தையல் மிசின். கிழக்கு வெயில் நேரே ஊசியில் வந்து விழும். ஊரில் பாதிப் பேருக்கு ரவிக்கை அவள் தைப்பதுதான். சாய்ப்பு போட்ட அன்றைக்கு, “ஏங்க, ஜன்னல் இருட்டடிக்குதே” என்று ஒரு தடவை சொன்னாள். “பகல்ல லைட்டு போட்டா போலீஸா வரப்போகுது? போட்டுக்கோ” என்றார் லட்சுமிகாந்தம். அதற்கப்புறம் அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பேசாவிட்டால் சம்மதம் என்பது லட்சுமிகாந்தத்தின் கணக்கு. கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தக் கணக்கில்தான் அவர் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார்.

மறுநாள் வெல்டர் உக்கிரபாண்டி வந்தான். சாய்ப்பு போட்டதும் அவன்தான்.

“ஏலே, வாட்டம் இல்லாமப் போட்டு வச்சிருக்கியே!”

“நான் அப்பவே நெனச்சேன் அண்ணாச்சி.”

“நெனச்சா சொல்ல வேண்டியதுதானே?”

“நீங்க கேக்கலையே. கம்பெனியில எம்புட்டு ஷெட்டு பாத்திருக்கேன்னுல்ல சொன்னீக. இப்ப என்ன செய்யணும், சொல்லுங்க, செஞ்சிருவோம்.”

உக்கிரபாண்டியிடம் இதுதான் சிக்கல். என்ன சொன்னாலும் செய்துவிடுவான்.

லட்சுமிகாந்தம் யோசித்தார். வீட்டுப் பக்கம் தண்ணீர் வந்தால் சுவர் கெட்டுவிடும். ஆகவே வீட்டுப் பக்கத்தை உயர்த்திவிட்டால் தண்ணீர் கொட்டகைப் பக்கம் ஓடிவிடும். உக்கிரபாண்டி சாய்ப்பைத் தாங்குகிற இரும்பு ஆங்கிளை அறுத்தான், ஒட்டுப் போட்டான், உயர்த்தினான். ரசமட்டம் வைத்துப் பார்த்தார்கள். குமிழி ஒரு பக்கமாக ஓடி ஒதுங்கியது. லட்சுமிகாந்தத்துக்கு மனசு நிறைந்துவிட்டது.

அதற்கப்புறம் அவர் மழைக்குக் காத்திருந்தார். பட்டாசுக் கம்பெனியில் தீபாவளி சீசனில் மழைக்குக் காத்திருக்கிற ஆள் அவர் ஒருத்தர்தான். வானம் கொஞ்சம் கறுத்தால் போதும், காயப்போட்ட சரக்கை அள்ளிக்கொண்டு ஆளாளுக்கு ஓடுவார்கள். அன்றைக்கு மத்தியானம் மேற்கே இடி இடித்தது. மேனேஜர் ராஜபாண்டியன் கையைப் பிசைந்துகொண்டு வெளியே வந்தார்.

“நல்லா வருது சார்! வெளுத்து வாங்கப் போகுது!” என்றார் லட்சுமிகாந்தம், வாயெல்லாம் பல்லாக.

ராஜபாண்டியன் அவரை மேலும் கீழும் பார்த்தார். “ஒமக்கு என்னய்யா ஆச்சு? ஆர்டர் பூராவும் களத்துல காயுது. கல்யாண வீட்டுல நிக்கிற மாதிரி நிக்கிறீரு?”

சாயங்காலம் லட்சுமிகாந்தம் வண்டியை விரட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வீட்டுப் பக்கம் ஒரு சொட்டு இல்லை. ஆனால் கொட்டகைக்குள் யாரோ குழாயைத் திறந்துவிட்ட மாதிரி சத்தம் கேட்டது.

பழைய கூரை மேற்குப் பக்கம் சரிந்திருந்தது. புதுச் சாய்ப்பு இப்போது கிழக்குப் பக்கம் சரிந்திருந்தது. ரெண்டு தண்ணீரும் நடுவில் சந்தித்து, இடுக்கு வழியாக ஒன்றாகக் கீழே இறங்கின. இறங்குகிற இடத்தில் செவலைப் பசு நின்றுகொண்டிருந்தது. அதன் முதுகெலும்பு மேலேயே ஒரு கோடு பிடித்து ஊற்றியது. கறக்க உட்கார்ந்த நாகஜோதி தலையில் தார்ப்பாயைப் போட்டுக்கொண்டிருந்தாள். செவலை ஒரு உதை விட்டது. பால் பாத்திரம் சாணத்தில் உருண்டது.

“செவலைக்குக் குளியல் நல்லதுதான்” என்றார் லட்சுமிகாந்தம், ஏதாவது சொல்லவேண்டுமே என்று.

நாகஜோதி பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

“நான் அப்பவே நெனச்சேன்” என்றான் உக்கிரபாண்டி மறுநாள்.

“நீ நெனக்கிறத நிறுத்திட்டு வேலையப் பாரு. அந்த இடுக்குல ஒரு பி.வி.சி. குழாய ரெண்டாப் பிளந்து வை. தண்ணி அதுல விழுந்து தெருப் பக்கம் போயிரட்டும்.”

“தெருவுலயா? அங்கன பாக்கியவதி சிஸ்டர் வீடுல்ல இருக்கு?”

“தெரு எல்லாத்துக்கும் பொதுதான்லே.”

“செஞ்சிருவோம்.”

பாக்கியவதி சர்க்கார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். எதிர் வீடு. ஊருக்கே சிஸ்டர். ஊசி போடுகிறபோதுகூடச் சிரித்த முகமாகப் போடுவார் என்று சொல்வார்கள். அடுத்த மழைக்கு, சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குடையோடு வாசலில் வந்து நின்றார். அப்போதும் சிரித்த முகம்தான்.

“அண்ணாச்சி, ஒங்க வீட்டுத் தண்ணி எங்க வீட்டு ஹால்ல வந்து உக்காந்திருக்கு. அதுக்கு ஒரு காபி போட்டுக் குடுக்கவா, இல்ல நீங்க வந்து கூட்டிட்டுப் போறீகளா?”

“ஐயையோ சிஸ்டர்! அம்புட்டுத் தண்ணியா வந்துச்சு?”

“பைபிள் வகுப்புக்கு வந்தவுக எல்லாம் காலத் தூக்கி நாற்காலியில வச்சுக்கிட்டு ஜெபம் பண்ணுறாக. நோவா கதைதான் இன்னைக்குப் பாடம். பாடத்துக்குத் தோதாத்தான் இருக்கு, இருந்தாலும் அண்ணாச்சி...”

“நான் இப்பவே குழாயத் திருப்பிடுறேன் சிஸ்டர்.”

பாக்கியவதி குடைக்கு அடியிலிருந்து வீட்டை எட்டிப் பார்த்தார். “நாகஜோதி எங்க? ஆளையே வெளிய காணோமே?”

“உள்ள தச்சுக்கிட்டு இருக்கா.”

“இந்த இருட்டுக்குள்ளயா?”

“லைட்டு இருக்கு சிஸ்டர்” என்றார் லட்சுமிகாந்தம்.

குழாயை அன்றைக்கே பிடுங்கியாயிற்று. ஆனால் சிஸ்டர் வீட்டு ஹாலை யார் துடைப்பது? லட்சுமிகாந்தத்துக்குக் கம்பெனியில் லோடு ஏற்றுகிற அவசரம். நாகஜோதிதான் துடைப்பமும் சாக்குமாகப் போய் நாற்காலி நாற்காலியாகத் தூக்கித் துடைத்துவிட்டு வந்தாள். வந்தவள் ஒரு வார்த்தை ஏதாவது சொல்வாள் என்று லட்சுமிகாந்தம் கொஞ்சம் பயந்துதான் இருந்தார். சொல்லவில்லை. சட்டியில் இருந்ததை அவருக்கு எடுத்து வைத்துவிட்டுத் திரும்ப மிசினில் போய் உட்கார்ந்துவிட்டாள். நம் வீட்டுக்காரியைப் போல அனுசரணையான மனுஷி இந்த வட்டாரத்திலேயே கிடையாது என்று லட்சுமிகாந்தம் சாப்பிட்டுக்கொண்டே நினைத்தார்.

தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது யோசனையைச் சொல்ல உக்கிரபாண்டியைக் கூப்பிட்டார்.

“நாம தலைகீழாப் பண்ணிட்டோம்லே. பழைய கூரை எந்தப் பக்கம் சரியுதோ அதே பக்கந்தான் இதுவும் சரியணும். வீட்டுப் பக்கத்த இறக்கு. எல்லாத் தண்ணியும் மொத்தமா வீட்டுச் சுவருக்கு வரட்டும். சுவரு ஓரமா அந்தக் குழாய வச்சு வாங்கி, பின்பக்கம் விட்டுருவோம்.”

“சுவரு நனையுமே அண்ணாச்சி?”

“அட, நீ கேள்வியெல்லாம் கேப்பியா?”

“இல்ல இல்ல. செஞ்சிருவோம்.”

சாய்ப்பு இறங்கியது. முன்னே ஜன்னலுக்கு மேலே இருந்த தகரம் இப்போது ஜன்னல் பாதியை மறைத்துக்கொண்டு நின்றது. அடுத்த மழையில் ரெண்டு கூரைத் தண்ணீரும் ஒன்றாகத் திரண்டு சுவருக்கு வந்தன. பிளந்த குழாய் அந்த வேகத்தைப் பார்த்து மலைத்துப்போய், பாதித் தண்ணீரைத்தான் வாங்கியது. மீதித் தண்ணீர் ஜன்னல் கம்பி வழியாக நேரே தையல் மிசின் மேல் இறங்கியது. தீபாவளி ரவிக்கைகள் எல்லாம் கொடிக்குப் போயின.

லட்சுமிகாந்தம் சும்மா இருப்பாரா? அண்ணன் மகள் சடங்குக்கு அடித்த ஃபிளெக்ஸ் பேனர் ஒன்று பரணில் கிடந்தது. சிவகாசி அச்சு, லேசில் சாயம் போகாது. அதை எடுத்து ஜன்னலில் இழுத்துக் கட்டினார். மழை பட்டுப் படம் கெடக்கூடாது என்று படத்தை உள்பக்கமாகத் திருப்பிக் கட்டினார். பேனரில் ஒரு ஓரத்தில் அவர் படமும் இருந்தது. கை இரண்டையும் கூப்பி, “வருக வருக” என்று. ஜன்னலுக்குச் சரியாக அந்த ஓரம்தான் அமைந்தது.

அன்றிலிருந்து நாகஜோதி மிசினில் உட்கார்ந்து தலையைத் தூக்கினால், எதிரே லட்சுமிகாந்தம் கைகூப்பி வரவேற்றுக்கொண்டிருந்தார்.

“இப்ப ஒரு சொட்டு உள்ள வராது பாரு” என்றார் அசல் லட்சுமிகாந்தம்.

“ம்” என்றாள் நாகஜோதி.

மறுநாள் விஸ்வநத்தத்திலிருந்து அனுப்பிரியா என்ற பொண்ணு, தைத்து வாங்கிய ரவிக்கையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “அக்கா, ஒரு கையில பச்ச நூலு ஓடுது, ஒரு கையில நீல நூலு ஓடுது. இது புது மாடலா?” நாகஜோதி ரவிக்கையை வாங்கி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிரித்துத் தைத்துத் தருகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டாள். “கண்ணாடி போட்டுப் பாரேன், வயசாகுதுல்ல” என்று லட்சுமிகாந்தம் அக்கறையாகச் சொன்னார்.

அன்று மாலை காளிராஜ் போன் செய்தான்.

“அத்தான், சொல்லிட்டு வந்தேனே, கவனிச்சீகளா?”

“அதுக்குத்தான் மாப்ள மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன். ஆளு வச்சுப் பாத்துக்கிட்டு இருக்கேன்.”

“ஆளு வச்சா?”

“ஆமா. எனக்கு எங்க நேரம்? சீசன். உக்கிரபாண்டின்னு ஒரு பய இருக்கான். என்ன சொன்னாலும் செய்வான்.”

“அத்தான், இதுக்கெல்லாம் யாராச்சும் ஆளு வப்பாகளா? நீங்க கூட இருந்து பாக்கவேண்டிய விசயம் அத்தான் இது!”

“நானும் கூட நிக்கிறேன் மாப்ள. அவந்தான் தூக்குறான், இறக்குறான். நான் கீழ நின்னு ரசமட்டம் பாக்குறேன். இருந்தாலும் வாட்டம் படிய மாட்டேங்குது.”

காளிராஜ் குரல் மாறிவிட்டது. “நீங்க ஒண்ணும் பாக்க வேணாம் அத்தான். தீபாவளிக்கு மொத நாள் நான் வண்டியோட வர்றேன். ஏத்திட்டு வந்துர்றேன். எங்க வீட்டுலயே இருக்கட்டும்.”

போன் வைக்கப்பட்டது. லட்சுமிகாந்தம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வண்டியோடு வருகிறானாம். தீபாவளியும் அதுவுமாக, ஊர் பார்க்க, வீட்டு வாசலில் தன் குட்டியானை லோடு வண்டியை நிறுத்தி, நீலத் தகரத்தை ஒவ்வொன்றாகக் கழற்றி ஏற்றுவான். எதிர் வீட்டுச் சிஸ்டர் சிரித்த முகமாகப் பார்த்துக்கொண்டு நிற்பார். மாடுகள் ரெண்டும் வெட்டவெளியில் நிற்கும். “எனக்கென்ன தெரியாதா மாப்ள” என்று சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது? அழுதுவிடுவோமோ என்றே பயமாக இருந்தது.

மறுநாள் கம்பெனியில் பாதுகாப்புக் கூட்டம். தீபாவளிக்கு முன்னே ஒருதரம் எல்லோரையும் உட்காரவைத்து, தெரிந்ததையே திரும்பச் சொல்வார்கள். லட்சுமிகாந்தம் அரைத் தூக்கத்தில் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

“ஒரு ரூமையும் இன்னொரு ரூமையும் ஏன் ஒட்டிக் கட்டுறதில்ல?” என்று கேட்டார் பேசியவர். “நடுவுல எடம் விடணும். எடம் விட்டாத்தான் ஒண்ணோட வில்லங்கம் இன்னொண்ணுக்குப் போகாது.”

லட்சுமிகாந்தம் துள்ளி எழுந்தார். “எடம் விடணும்!”

“கரெக்ட்” என்றார் பேசியவர். “சூப்பர்வைசர் ஒருத்தராவது கவனிக்கிறாரே.”

ராஜபாண்டியன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

காலம் பூராவும் இடைவெளி விட்டுக் கட்டின ஷெட்டுகளுக்கு நடுவே நடந்த மனுஷன், வீட்டில் மட்டும் கொட்டகையைக் கொண்டுபோய்ச் சுவரோடு ஒட்டவைத்திருக்கிறார்! லட்சுமிகாந்தம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு உக்கிரபாண்டியைக் கையோடு இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

“சுவரை ஒட்டி இருக்கிற தகரத்தப் பூராவும் கழட்டு. வீட்டுக்கும் சாய்ப்புக்கும் நடுவுல ஒரு சந்து விடு. தண்ணி சாய்ப்பு நுனியில இருந்து சந்துக்குள்ள விழட்டும். சந்துல சிமெண்டுக் கால்வாய் போட்டு, பின்னால மாட்டுப் புல்லுக்குத் திருப்பிவிட்டுருவோம்.”

“அப்ப ஒரு மாடு நிக்கிற எடம் போயிருமே அண்ணாச்சி?”

“போனாப் போகட்டும்! மாட்டவிட மானம் பெருசுலே!”

உக்கிரபாண்டி கழற்றினான். பேனரையும் அவிழ்த்தான். கைகூப்பிய லட்சுமிகாந்தம் சுருட்டப்பட்டுப் பரணுக்குத் திரும்பினார். கால்வாய்க்கு லட்சுமிகாந்தமே மண்வெட்டி பிடித்தார். கை கொப்புளம் கட்டியது. ரசமட்டத்தைக் கீழே வைக்கவே இல்லை. சாப்பிடும்போதுகூட இலைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

நல்ல வேளை, அதற்கடுத்த நாளே மழை கொட்டியது. பழைய கூரைத் தண்ணீரும் புதுக் கூரைத் தண்ணீரும் சாய்ப்பில் வழிந்து, சந்துக்குள் குதித்து, கால்வாயில் திரும்பி, புல்லுக்குப் போய்ச் சேர்ந்தன. செவலை முதுகில் ஒரு சொட்டு இல்லை. சிஸ்டர் வீட்டு வாசல் காய்ந்து கிடந்தது. லட்சுமிகாந்தம் மழைக்குள்ளேயே நின்று, “போகுது! போகுது!” என்று கத்தினார்.

உள்ளே தையல் மிசின் கடகடவென்று விடாமல் ஓடுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில், கேட்காமலேயே சுக்குக் காபி வந்தது.

“வெளிச்சம் வந்துருச்சுங்க” என்றாள் நாகஜோதி.

“ஆமா, ஒரு சொட்டு தேங்கல பாத்தியா!” என்றார் லட்சுமிகாந்தம். அவள் சிரித்தாள். தன்னுடைய வாட்டத்தைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று அவருக்குப் பெருமையாக இருந்தது.

தீபாவளிக்கு முதல் நாள் காளிராஜ் வந்தான். சொன்னபடியே குட்டியானையோடு. முகம் விறைப்பாக இருந்தது. கொட்டகைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “வாங்க மாப்ள, மொதல்ல இங்கன வந்து பாருங்க” என்று லட்சுமிகாந்தம் கூப்பிட்டதைக் காதில் வாங்காமல் விறுவிறுவென்று வீட்டுக்குள் போனான்.

லட்சுமிகாந்தம் ஏணியைச் சாய்த்தார். வாளியில் தண்ணீர் பிடித்துத் தயாராக வைத்தார். வண்டியில் கிடந்த கயிற்றைப் பார்த்துவிட்டு, வாளியை இன்னும் கொஞ்சம் நிரப்பினார். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. பிறகு அக்காளும் தம்பியும் சிரிக்கிற சத்தம் கேட்டது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று விளங்கவில்லை.

காளிராஜ் வெளியே வந்தான். வாயில் பாதி முறுக்கு. விறைப்பெல்லாம் எங்கேயோ போயிருந்தது.

“அத்தான்! நான்தான் உங்களத் தப்பா நெனச்சுட்டேன். வாட்டமே இல்ல!”

லட்சுமிகாந்தம் ஏணியைப் பிடித்துக்கொண்டார். “என்னது? வாட்டமே இல்லையா?”

“சுத்தமா இல்ல. இருந்த எடமே தெரியல.”

“மாப்ள, அவசரப்பட்டுச் சொல்லாதீக. நல்லாப் பாத்துட்டுச் சொல்லுங்க.”

“நல்லாப் பாத்துட்டேன் அத்தான். எதிர உக்காந்து காபி குடிச்சுட்டுல்ல வர்றேன்.”

“உள்ள உக்காந்து காபி குடிச்சா எப்படித் தெரியும்? மேல ஏறிப் பாக்கணும் மாப்ள!”

“மேல ஏறியா?”

லட்சுமிகாந்தம் வாளியைத் தூக்கிக்கொண்டு ஏணியில் மடமடவென்று ஏறினார். வேட்டி ஆங்கிளில் மாட்டிக் கிழிந்தது. அதைப் பார்க்கவில்லை. வாளியை அப்படியே கவிழ்த்தார். தண்ணீர் நீலத் தகரத்தில் சறுக்கிக்கொண்டு போய், சந்துக்குள் விழுந்து, கால்வாயில் கலகலவென்று ஓடியது.

“இது வாட்டம் இல்லையா? ரசமட்டம் வச்சுக்கூடப் பாருங்க! கைக் கொப்புளத்தப் பாருங்க! இதுக்காக ஒரு மாட்டு எடத்தையே விட்டிருக்கேன் மாப்ள. வாட்டம் இல்லைன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டீகளே, ஒரு தகரத்தத் தொட்டுப் பாருங்க, நானும் கூடச் சேந்து வண்டியில ஏறிடுறேன்!”

காளிராஜ் கூரையைப் பார்த்தான். காலி வாளியைப் பார்த்தான். கிழிந்த வேட்டியோடு ஏணி உச்சியில் நின்ற அத்தானைப் பார்த்தான். வெளிச்சம் விழுந்த ஜன்னலில், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பை அடக்க முடியாமல் நின்ற நாகஜோதியையும் பார்த்தான். மென்றுகொண்டிருந்த முறுக்கை மெதுவாக முழுங்கினான்.

“அத்தான், கூரைய யாரு கேட்டா? நான் சொன்னது எங்க அக்கா மூஞ்சில இருந்த வாட்டத்த!”